இடது ஓரத்து எஞ்சின்

சீனக்குடா விமானத்தளத்தில் தாஹிர் பதினோராண்டுகளாகப் பார்த்தவை இரண்டு எஞ்சின் விமானங்களே. இடப்புறம் உள்ளது வலப்புறமும் இருக்கும். கழற்றியவற்றை இரண்டிரண்டாக அடுக்கினால் வேலையில் பிழை வராது. அந்த ஒழுங்கே அன்று அவனைக் கலங்கடித்தது.

1975 தை மாதம். ஹஜ்ஜிலிருந்து திரும்பிய நான்கு எஞ்சின் ஜெட் ஒன்று, மழைமூட்டத்தால் கட்டுநாயக்காவில் இறங்க முடியாமல் முதல்நாள் மாலை இங்கே இறங்கியிருந்தது. அதில் அவனுடைய உம்மா, உம்மு குல்சும், இருந்தார். அவர்களின் ஊரான கிண்ணியா துறைக்கு அப்பால்தான். ஆனாலும் சுங்கச் சோதனை கட்டுநாயக்காவில்தான் என்று ஒருவரையும் வெளியே விடவில்லை. தளத்து மண்டபத்தில் இரவைக் கழித்தவர்களைக் காலையில் மீண்டும் ஏற்றிக் கதவைச் சாத்தினார்கள்.

எஞ்சின்களுக்கு முதல்நாள் கட்டிய சிவப்புத் துணிமூடிகளை இடப்புறம் அன்ஸாரும் வலப்புறம் தாஹிரும் கழற்றினார்கள். கட்டும்போது தாஹிர் வேலையில் இல்லை. அன்ஸார் ஏணியை இழுத்துக்கொண்டு போனபின் அவன் மூடிகளை அடுக்கினான். பெரியவை நான்கு. எஞ்சினை இறக்கையோடு பிணைக்கும் தாங்கியின் மேலுறையில் இருந்த சின்ன வாய்க்கு உரியவை மூன்று.

மறுபடியும் எண்ணினான். மூன்றேதான். நான்காவது எஞ்சின் வாய்க்குள்ளே போய்விட்டதோ?

விமானத்தின் மூக்கைச் சுற்றி இடப்புறம் ஓடினான். உள் எஞ்சினுக்கு மேலே பருத்த மேலுறையும் வாயும் இருந்தன. ஓரத்து எஞ்சினுக்கு மேலே வாயே இல்லை. மேலுறை ஒடுங்கி மொழுமொழுவென்று இருந்தது. மூடியன்று, ஒரு துண்டே கழன்று கடலில் விழுந்துவிட்டது என்று அவன் நினைத்தான். அதற்குள் வலப்புறத்து எஞ்சின் ஒன்று உறுமத் தொடங்கியது.

நிறுத்தச் சொல்லும் அதிகாரம் மேற்பார்வையாளர் கனகரத்தினத்துக்கே உண்டு. அவரைத் தேட நேரமில்லை. தாஹிர் விமானத்தின் முன்னால் நின்று, நிறுத்தும் சைகையாகத் தலைக்குமேல் கைகளைக் குறுக்காகப் பிடித்தான். உறுமல் அடங்கியது.

"உமக்கென்ன விசரா? ஆரைக் கேட்டு நிப்பாட்டினீர்?" என்று கனகரத்தினம் ஓடிவந்தார்.

"வேலை போனாப் போகட்டும் சேர். உள்ளுக்க எங்கட உம்மா இருக்கா."

விமானத்தின் எஞ்சினியர் இறங்கிவந்து, தாஹிர் காட்டிய இடத்தை அண்ணாந்து பார்த்தார். சிரிக்கவில்லை.

"இது உடைஞ்சதில்லை, தம்பி. மற்ற மூண்டிலயும் அந்தப் பருத்த உறைக்குள்ள ஒரு மெசின் இருக்கு. ஆக்கள் மூச்சுவிடக் காத்தை அமத்தி உள்ளுக்கு அனுப்புறது அதுதான். காத்திழுக்கத்தான் வாய். மூண்டு மெசின் காணும், நாலாவது தேவையில்லையெண்டு இதில வைக்கேல்லை. இல்லாத மெசினுக்குப் பெரிய கூடு என்னத்துக்கு? வீண் பாரம். அதால மெலிசாவே செய்திருக்கினம்."

"மூண்டில ஒண்டு நிண்டா?" என்று தாஹிர் கேட்டான்.

"ரெண்டு காணும்."

"அதிலயும் ஒண்டு…"

"நீர் என்னை இண்டைக்கு வீட்ட போக விடமாட்டீர் போல!"

"ஏறித் தொட்டுப் பாக்கலாமா, சேர்?"

கனகரத்தினம் பல்லைக் கடித்தார். எஞ்சினியர் ஏணியைக் கொண்டுவரச் சொன்னார். தாஹிர் மேலுறையை உள்ளங்கையால் தடவினான். ஆணிவரிசை அறவில்லை, வண்ணக்கோடு முறியவில்லை, பிய்ந்த விளிம்பு எங்கும் இல்லை. இறங்கிவந்து, "ஓம், போகலாம்" என்றான். புறப்படும் சைகையை அவனையே காட்டச் சொன்னார்கள். கையை உயர்த்திக் காட்டினான்.

விமானம் கொட்டியாரக் குடாவின் மேலே சென்று மறைந்தது. கனகரத்தினம் அவனைக் கந்தோர் மேசையின் முன் இருத்தி, அனுமதியின்றி நிறுத்திய காரணத்தை எழுதித் தரும்படி தாளை நீட்டினார். தாஹிரால் ஓர் எழுத்தும் எழுத ஏலவில்லை. கண் தொலைபேசியிலேயே இருந்தது. அருகில் வைத்திருந்த தேநீர் ஆறி ஆடை கட்டியது.

முக்கால் மணி நேரத்தின் பின் மணி அடித்தது. கனகரத்தினம் கேட்டுவிட்டு வைத்தார்.

"இறங்கிட்டுதாம். எல்லாரும் சுகம். இனியாவது எழுதும்."

தாஹிர் பேனையை எடுத்தான்.