பழுப்பு ஏற வேண்டும்

ஸ்லைடின் ஒரு ஓரத்தில் அண்ணியின் பழைய சதைச் சீவல், மறு ஓரத்தில் புதியது. பழையது சில வருடங்களுக்கு முன் மார்பிலிருந்து அறுத்தெடுத்த கட்டி. புதியது போன வாரம் ஈரலிலிருந்து ஊசியால் எடுத்தது, பிரிந்த நூல் போல அவ்வளவு மெல்லிசு. புற்று ஈரல்வரை போய்விட்டது என்பது தெரிந்த செய்தி. தெரிய வேண்டியது இன்னும் ஒன்று இருந்தது. அதைச் சொல்லும் சாயக் குப்பி என் கையில் இருந்தது.

எங்கள் லேபில், புற்றில் ஒரு குறிப்பிட்ட புரதம் இருக்கிறதா என்று பார்க்கும் ஒவ்வொரு ஸ்லைடிலும் அந்தப் புரதம் நிச்சயமாக உள்ள பழைய கட்டி ஒன்றின் சீவலையும் சேர்த்து வைப்போம். கன்ட்ரோல் என்று பெயர். புரதம் இருக்கும் இடத்தில் சாயம் பழுப்பேறும்; கன்ட்ரோல் பழுப்பானால்தான் சாயத்தை நம்பலாம். எங்களுக்கு அப்படி வாய்த்தது அண்ணியின் கட்டி. என் கணவரின் அக்கா. முன்பின் தெரியாத எத்தனையோ பெண்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருநாளும் தவறாமல் பழுப்பேறிக் காட்டியிருக்கிறார். இதை நான் அவரிடம் சொன்னதில்லை. சொன்னால் வாடகை கேட்பார்.

சாயம் விடப் போகும்போது போன் அடித்தது, அண்ணிதான். கையுறையைக் கழற்றினேன்.

"ஏய், இன்னைக்குத்தானே பாக்குற? வீட்ல எல்லாரும் ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டிருக்கோம். நீயும் வேண்டிக்கோ."

சரி அண்ணி என்று சொல்லி வைத்திருக்கலாம். என் வாய் சும்மா இருந்தால்தானே.

"இருக்கணும்னு வேண்டிக்குங்க அண்ணி."

"என்னடி சொல்ற?"

"அந்தப் புரதம்தான் கட்டிய வேகமா வளர வைக்குது. ஆனா மருந்துக்குப் பிடியும் அதுதான். போன தடவை அதைப் பிடிச்சுத்தான் மருந்து கேட்டுச்சு. பரவுன இடத்துல சில பேருக்கு அது இல்லாமப் போயிடும். போயிட்டா அந்த மருந்து நமக்கு இல்ல."

மறுமுனையில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. குழாயை மூடினார்.

"அதை நானே வான்னு கூப்பிடணுமா? என்னால முடியாதும்மா. நீ கூப்பிடு." குரல் உடைந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. "உன் வீட்டுக்கு வந்தப்பல்லாம் எனக்கு ஒரு தடவையாவது வாய் நிறைய வாங்கன்னு சொல்லியிருக்கியா? இதுக்காவது சொல்லு."

பொய்யில்லை. அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தலையை ஆட்டிவிட்டு அடுப்படிக்குள் புகுந்துகொள்கிறவள் நான்.

புதுக் கையுறை மாட்டிக்கொண்டேன். இரண்டு துண்டுகளின் மீதும் சாயம் சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் குனிந்தேன். முடிவு எழுதப் போவது டாக்டர், ஆனால் நிறம் முதலில் தெரிவது எனக்கு. பழைய துண்டில் சொல்லி வைத்ததுபோல் பழுப்பு கிளம்பிவிட்டது. ஸ்லைடை நகர்த்தினேன். புதியது வெளிறிக் கிடந்தது. இன்னும் நேரம் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எத்தனையோ பேரின் ஸ்லைடைப் பார்த்தபோது வராத பயம் இப்போது வந்தது. ஒரு நுனியில் மட்டும், நிழலா நிறமா என்று சொல்ல முடியாமல் ஏதோ.

பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்ப்பார். பார்க்கட்டும்.

"வாங்க அண்ணி," என்றேன், வாய் நிறைய. "வாங்க, வாங்க."