அன்னலீஸ் "சரி, வரேன்" என்றாள்

பதினோரு வருடங்களாகப் பிரேபன் ஒரே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தான். அக்டோபர் கடைசியில் அவர்கள் ஊரான ஸ்வென்ட்போர்க்கில் குளிர் இறங்கும். பெட்டியைக் கட்டிக்கொண்டே மனைவியிடம், "நீயும் வாயேன்" என்பான். "எனக்குக் கடல் ஒத்துக்காது, நீ போயிட்டு வா" என்பாள் அன்னலீஸ். அவன் டென்மார்க்கிலிருந்து தாய்லாந்துக்குப் பறந்து, சத்தூனில் கரையேற்றி வைத்திருக்கும் தன் பாய்மரப் படகை நீரில் இறக்குவான். ஏப்ரல் வரை தீவு தீவாகச் சுற்றல். மழைக்கு முன் படகைக் கரையேற்றிவிட்டு வீடு திரும்பல்.

இந்த வருடமும் வழக்கம்போலக் கேட்டான்.

"சரி, வரேன்" என்றாள், ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி.

அவன் கை அப்படியே நின்றது. "எங்க?"

"எங்கயா? நீ கூப்பிட்ட இடத்துக்குத்தான். பள்ளிக்கூடத்துலயும் ஓய்வு குடுத்துட்டாங்க. ஆறு மாசம் சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காரச் சொல்றியா?"

"ரொம்ப சந்தோஷம்" என்றான். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் உள்ளுக்குள் என்னவோ இடித்தது. விமானத்தில் முழு நேரமும் யோசித்தும் அது என்னவென்று பிடிபடவில்லை.

சத்தூனில் படகுகளுக்குப் பெயின்ட் அடிக்கும் சோம்ஜாய், கரையில் நின்ற படகின் ஏணியடியில் அன்னலீஸை மேலும் கீழும் பார்த்தாள். "அண்ணே, நெசமாவே பொண்டாட்டி இருக்கா! நீங்க கதை விடறீங்கன்னுல்ல நெனச்சோம்!"

"என்ன சொல்றா?" என்றாள் தாய்லாந்து மொழி தெரியாத அன்னலீஸ்.

"வாங்கன்னு சொல்றா" என்றான் பிரேபன்.

படகுக்குள் ஒவ்வொரு கொக்கியிலும் அவன் சாமான்தான் தொங்கியது. அவள் தன் மூக்குக்கண்ணாடியை வரைபட மேசையில் வைத்தாள். அவன் எடுத்து அலமாரியில் வைத்தான். அவள் திரும்ப மேசையில் வைத்தாள். மூன்றாம் முறை அவன் கை நீண்டபோது அவளுக்குப் பொறுக்கவில்லை.

"மே மாசம் நீ வந்ததும் என் அடுக்களைல எல்லாத்தையும் இடம் மாத்துற. ஒரு வார்த்த சொல்லியிருப்பேனா? நவம்பர் வரைக்கும் காத்திருந்து, ஒண்ணொண்ணா திருப்பி வைப்பேன்."

அவன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். இத்தனை வருடமும் உதவி செய்வதாகத்தான் நினைத்திருந்தான்.

"அப்ப நான் வீட்டுக்கு வர்றது உனக்குப் பிடிக்கலியா?"

"ஏப்ரல்ல உன்னை எதிர்பாத்து ஜன்னல்லயே நிப்பேன். ஜூன்ல எப்படா கெளம்புவன்னு இருக்கும். அக்டோபர்ல அழுகையா வரும். இது என்ன கணக்குன்னு எனக்கே புரியல."

"எனக்கும் அதேதான்" என்றான் மெதுவாக. "பதினோரு வருஷமா வான்னு கூப்பிட்டேன். வரேன்னதும் பயந்துட்டேன்."

"திரும்பிப் போயிடட்டுமா?"

அவன் நெற்றியைத் தேய்த்தான். "தெரியல. ஆனா போகாத."

நான்கு நாள் கழித்து, காலையில் கடல்நீர் ஏறியதும் படகு ஆற்றில் இறங்கியது. முகத்துவாரம் தாண்டியதும் அவள் வாளியைக் கட்டிக்கொண்டு வாந்தியெடுத்தாள். அவன் அவள் தலைமுடியை ஒதுக்கிப் பிடித்தான். வாயைக் கொப்பளித்துவிட்டு, "சுக்கானைக் குடு. கையில ஏதாவது இருந்தா தலை சுத்தாது" என்றாள்.

கொடுத்தான். தன் படகில் எங்கே உட்காருவது என்று தெரியாமல் கொஞ்சம் நின்றான். பிறகு பக்கத்துப் பலகையில் ஒடுங்கி உட்கார்ந்தான்.

"எந்தப் பக்கம் போகணும்?" என்றாள்.

கண்ணை மூடிக்கொண்டே வழி சொல்லக்கூடிய கடல்தான் அது. இருந்தும், "உனக்கு எந்தப் பக்கம் போகணும்?" என்று கேட்டான்.