ஃப்ளாஷ் வேண்டாத கேமரா

விடுதியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. இந்தத் தையல் ஆலைக்கு வருவதற்கு முன்னால் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்த்தவள் என்று, வந்த புதிதில் யாரிடமோ வாய்தவறிச் சொல்லித் தொலைத்தாள். அன்றோடு பெயர் போய் 'ஸ்டூடியோ' ஆகிவிட்டாள். உண்மையில் அங்கே அவள் செய்ததெல்லாம் பாஸ்போர்ட் அளவுப் படம் எடுத்து, ஓரம் வெட்டி, கவரில் போட்டுக் கொடுத்ததுதான். ஆளை வெள்ளைத் துணிக்கு முன்னால் உட்கார வைப்பாள். இரண்டு பக்கமும் குடை விளக்கு எரியும். "காது தெரியணும் சார்" என்பாள், பட்டனை அமுக்குவாள். அவ்வளவுதான் அவளுடைய கலை. ஆனால் பொழுதெல்லாம் காலர் தைத்துக்கொண்டு கிடக்கும் பெண்களுக்கு அதுவே பெரிய சமாசாரமாக இருந்தது.

மாதக் கடைசி ஞாயிறு சாயங்காலம் விடுதியில் பிறந்தநாள் கூட்டம் நடக்கும். அந்த மாதம் பிறந்தவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே கேக். அதை வார்டன் படம் எடுத்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்து துணி வாங்கும் கம்பெனிகளுக்கும் பெண்களின் வீடுகளுக்கும் படங்கள் போகும். பெண்கள் எத்தனை சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று ஊர் உலகம் பார்க்க வேண்டாமா?

கூட்டம் நடப்பது படுக்கை ஹாலில். ஜன்னல்களுக்குக் கம்பி வலை அடித்து, அது போதாதென்று பாதி உயரத்துக்குப் பலகையும் அடித்திருந்தார்கள். அவ்வளவு நீள ஹாலுக்கும் எரிவது ஒரே ஒரு டியூப் லைட், அதுவும் மனசு வந்தால்தான். வார்டனிடம் இருந்த பழைய கேமராவில் ஃப்ளாஷ் போடாமல் எடுத்தால் ஒன்றும் தெரியாது. போட்டு எடுத்தால் முன்வரிசை முகங்கள் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்து, கண்களெல்லாம் சிவந்து, பின்னால் கிணறு மாதிரி கறுப்பாக இருக்கும். 'ரெய்டில் பிடித்த கூட்டம் மாதிரி இருக்கிறது, ஃப்ளாஷ் இல்லாமல் எடுக்கிற நல்ல சின்னக் கேமரா ஒன்று வாங்குங்கள்' என்று தலைமை அலுவலகத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். போனில் எடுக்கலாம் என்றால், புது டிசைன்கள் வெளியே போய்விடும் என்று கேமரா போனுக்கு ஆலை வளாகம் முழுவதும் தடை. வார்டனுக்கும்தான்.

வார்டன் மண்டையைக் குடைந்துகொண்டார். பிறகு ஸ்டூடியோவைக் கூப்பிட்டனுப்பினார்.

"உனக்குக் கேமரா பத்தித் தெரியுமாமே. என்கூட கடைக்கு வா. ஏமாத்திடப் போறாங்க."

ஸ்டூடியோ அவசரமாகத் தலையாட்டினாள். வெளியே போகப் போகிறோம் என்பதற்காக மட்டும் இல்லை. இந்தக் கேமரா அவளை வீட்டுக்கு அனுப்பி வைக்கும் என்று அந்த நிமிஷமே அவளுக்குத் தோன்றிவிட்டது.

விடுதியிலிருந்து ஒரு பெண் வெளியேற வேண்டுமானால், கொண்டுவந்து விட்டவரே திரும்பி வந்து கூட்டிக்கொண்டு போக வேண்டும். அவளைக் கொண்டுவந்து விட்டது அண்ணன். அப்பா இல்லாத வீட்டில் அவளுக்கும் பள்ளிக்கூடம் போகும் தங்கைக்கும் அவன்தான் எல்லாம். ஞாயிறுதோறும் அவனோடு பேசலாம், வார்டன் அறையில், ஸ்பீக்கரில், வார்டன் எதிரில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருக்கும்போது. வந்த புதிதில் ஒரு தடவை, "அண்ணா, இங்க மூச்சு முட்டுது, கூட்டிட்டுப் போயிடு" என்று அழுதுவிட்டாள். "எல்லாப் பொண்ணும் முதல்ல அப்படித்தான் சொல்லும்னு மேடம் அன்னிக்கே சொன்னாங்கம்மா. பழகிடும்" என்றான் அவன். அடுத்த இரண்டு ஞாயிறும் லைன் சரியில்லை என்று வார்டன் அவளைக் கூப்பிடவே இல்லை. அதற்குமேல் அவள் வாயைத் திறக்கவில்லை.

அண்ணன் கெட்டவன் கிடையாது. காதால் கேட்டதை நம்பாத ரகம், அவ்வளவுதான். கண்ணால் ஒரு தடவை பார்த்தால் போதும், அடுத்த பஸ்ஸில் வந்து நிற்பான். இரண்டு ஷிப்டுப் பெண்களும் மாற்றி மாற்றிப் படுப்பதால் சூடு ஆறவே ஆறாத கட்டில்களை, மழை ஒழுகும் இடத்தில் வைத்த வாளிகளை, ஈரம் ஏறிப் பொரிந்துபோன சுவரை, பலகை அடித்த ஜன்னலை அவன் பார்த்துவிட வேண்டும். இதுவரை அவனுக்குப் போன படங்களில் அதெல்லாம் ஃப்ளாஷின் கறுப்பில் மூழ்கிப்போய்விட்டது. ஃப்ளாஷ் முன்னால் நிற்கிறவளின் மூக்கைத்தான் காட்டும். ஃப்ளாஷ் வேண்டாத கேமரா வந்தால் ஹாலையே காட்டும். கணக்கு அவளுக்குச் சரியாகத்தான் பட்டது.

தெருவில் இறங்கியதும் வெயிலுக்குக் கண் கூசித் தண்ணீர் வழிந்தது. வார்டன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே நடந்தார். ரோடு தாண்டுவதற்காகப் பிடித்ததுபோல் இருந்தது, தாண்டிய பிறகும் விடவில்லை.

கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது மூக்கு நீண்டுகொண்டே போகும் ஒரு கேமரா. "இது நிலாவையே பக்கத்துல இழுத்துட்டு வரும் மேடம்."

"நிலாவையா!" வார்டன் வாயைப் பிளந்தார்.

"நமக்கு நிலா எதுக்கு மேடம்? ஹாலைத்தானே எடுக்கணும்" என்றாள் ஸ்டூடியோ. பிறகு கடைக்காரரிடம், "சார், மூக்கு நீளமெல்லாம் வேண்டாம். லென்ஸ் வாய் பெரிசா இருக்கிறது காட்டுங்க. இருட்டுல எடுக்கணும்" என்றாள்.

கடைக்காரர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, உள்ளேயிருந்து சோப்புப் பெட்டி அளவில் ஒன்றைக் கொண்டுவந்தார். லென்ஸைச் சுற்றி 1.8 என்று எழுதியிருந்தது. எண் சிறிசாக இருந்தால் வாய் பெரிசு, வெளிச்சம் நிறைய உள்ளே போகும் என்று பழைய போட்டோ ஸ்டூடியோவின் முதலாளி எப்போதோ சொன்னது அவளுக்கு ஞாபகம் இருந்தது. அவர் சொன்னதில் அவள் காதில் வாங்கியது அவ்வளவுதான். பாஸ்போர்ட் படத்துக்கு அதற்குமேல் எதற்கு?

"உங்க கடையிலேயே ரொம்ப இருட்டான இடம் எது சார்?"

கடைக்காரர் சிரித்துவிட்டு ஸ்டோர் ரூம் கதவைத் திறந்துவிட்டார். நிலாக் கேமரா அங்கே மணலைத் தூவினதுபோல் ஏதோ ஒரு கலங்கலை எடுத்துக் கொடுத்தது. சோப்புப் பெட்டியைத் தூக்கி அமுக்கினாள். அட! கண்ணுக்கே தெரியாத கடைசி அடுக்குப் பெட்டிகள் திரையில் வரிசையாக நின்றன. மேலே எழுதியிருந்த எழுத்தைக்கூட வாசிக்க முடிந்தது. அவளுக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. இத்தனை மாதத்தில் அவள் சந்தோஷப்பட்டது அந்த ஸ்டோர் ரூமில்தான்.

"இதுல ஆளு பளிச்சுன்னு வருவாங்க மேடம், பின்னாடி எல்லாம் மெத்துன்னு இருக்கும். கல்யாண ஆல்பம் மாதிரி" என்று கடைக்காரர் வார்டனிடம் அளந்துகொண்டிருந்தார். ஸ்டூடியோ அதைக் கேட்கவில்லை. பெட்டியின் எழுத்துகளைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விலையைக் கேட்டதும் வார்டன் முகம் சுருங்கிற்று. நிலாவின் பக்கம் கை போனது. ஸ்டூடியோ விடவில்லை. "அதை வாங்கினா மறுபடியும் ரெய்டு மாதிரிதான் இருக்கும் மேடம். ஆபீஸ்ல உங்களைத்தான் கேப்பாங்க" என்று ஒரே போடாகப் போட்டாள். ரெய்டு என்ற சொல் வேலை செய்தது. சோப்புப் பெட்டியே வந்தது.

அடுத்த பிறந்தநாள் கூட்டத்தன்று ஹாலே அல்லோலகல்லோலப்பட்டது. பெண்கள் ஒருத்தி துணியை இன்னொருத்தி போட்டுக்கொண்டு, ஒரே கண்ணாடித் துண்டின் முன்னால் முட்டிமோதிக்கொண்டு நின்றார்கள். வார்டனுக்குத் திடீரென்று சந்தேகம் வந்துவிட்டது.

"ஏய் ஸ்டூடியோ, இந்தக் கேமராவுல பின்னாடி இருக்கிறதெல்லாம் தெரியுமா? வாளியெல்லாம் எடுத்து உள்ள வைக்கச் சொல்லட்டுமா?"

"ஐயோ வேண்டாம் மேடம். ஆளு மட்டும்தான் தெரியும்" என்று கூசாமல் புளுகினாள் ஸ்டூடியோ. கொடியில் தொங்கிய ஈரத் துணியும் வாளிகளும் பொரிந்த சுவரும் நேர் பின்னால் வருகிற மாதிரி எல்லோரையும் நிறுத்தினாள். கேக்குக்குப் பக்கத்தில் குண்டூசி நின்றாள். மெலிந்து மெலிந்து அந்தப் பெயருக்கு வந்து சேர்ந்தவள், ஸ்டூடியோவின் அடுத்த கட்டில்காரி. பஞ்சுத் தூசியில் எந்நேரமும் இருமிக்கொண்டிருப்பாள்.

ஸ்டூடியோ அமுக்கினாள். திரையைப் பார்த்தாள்.

அழுது வடிகிற அந்த ஒற்றை டியூப் லைட்டைக் கேமரா உறிஞ்சி உறிஞ்சிக் குடித்து, ஹால் முழுவதும் இளவெயில் அடித்ததுபோல் ஆக்கி வைத்திருந்தது. குண்டூசியின் கன்னம்கூடத் தளதளவென்று இருந்தது. பின்னால் எதற்கும் உருவம் இல்லை. வாளிகள் கலங்கி வண்ணப் பொட்டுகளாகியிருந்தன. பொரிந்த சுவர் விலை உயர்ந்த திரைச்சீலையைப்போல் மடிப்பு மடிப்பாக நின்றது. பலகை ஜன்னல் அங்கே இருந்ததா என்பதே தெரியவில்லை. ஸ்டோர் ரூமில் பெட்டிகள் தெளிவாகத் தெரிந்தது, அவற்றுக்கு முன்னால் கேமரா கண் வைக்க ஆள் யாரும் நிற்காததால்தான் என்று இப்போது புரிந்தது. அவள் புளுகியதைக் கேமரா அப்படியே நிறைவேற்றிக் கொடுத்துவிட்டது.

பின்னால் நகர்ந்தாள், முதுகு சுவரில் இடித்தது. பக்கவாட்டில் திரும்பிக் கட்டிலை மட்டும் எடுக்கப் பார்த்தாள்.

"கட்டிலுக்கு என்னடி பிறந்தநாளா?" என்று வார்டன் கேமராவைப் பிடுங்கி, அந்தப் படத்தை அழித்தார். "நீயும் போய் நில்லு. உங்க வீட்டுலயும் பார்க்க வேண்டாமா? நான் எடுக்கிறேன்."

போய் நின்றாள். சிரிக்கக் கூடாது, உம்மென்று நிற்க வேண்டும், முகத்தையாவது அண்ணன் பார்க்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துக் குண்டூசி அவள் தோளில் சாய்ந்து, அவளுடைய குரலிலேயே, "காது தெரியணும் சார்" என்று காதுக்குள் சொன்னாள். பாழாய்ப்போன சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. வயிறு குலுங்கச் சிரித்தாள். வார்டன் அமுக்கிவிட்டார்.

"எவ்வளவு அழகா இருக்கு! இதைத்தான் உங்க வீட்டுக்கு அனுப்பச் சொல்லப் போறேன்" என்றார்.

அந்த வாரம் முழுவதும் ஸ்டூடியோ காலர்களைக் கோணலாகத் தைத்துத் திட்டு வாங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை வார்டன் உச்சி குளிர்ந்துபோய் உட்கார்ந்திருந்தார். தலைமை அலுவலகத்தில் அவரைப் பாராட்டியிருந்தார்கள். அவரே முந்திக்கொண்டு எண்ணைப் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தினார்.

"அம்மாடி, படம் வந்துச்சு" என்றான் அண்ணன். இதுவரை அவன் குரலில் அப்படி ஒரு துள்ளலை அவள் கேட்டதில்லை. "எப்படிச் சிரிக்கிற! உனக்குத் தெரியுமா, உன்னை அங்க விட்டுட்டு வந்ததுலேர்ந்து எனக்கு ஒழுங்கான தூக்கமே இல்ல. தப்புப் பண்ணிட்டோம், போய்க் கூட்டிட்டு வந்துடலாம்னு பஸ்ஸுக்குக் கூட விசாரிச்சு வெச்சிருந்தேன். படத்தைப் பார்த்த அப்புறம்தான் வயித்துல பாலை வார்த்த மாதிரி இருந்துச்சு."

அவள் போனை நோக்கிக் குனிந்தாள். "அண்ணா, அந்தப் படம்..."

"இரு, முழுசாச் சொல்லிடறேன். உன் தங்கச்சி அதைப் பார்த்ததுலேர்ந்து ஒத்தக் கால்ல நிக்கிறா, நானும் அக்காகூடப் போறேன்னு. சரின்னுட்டேன். பரீட்சை முடிஞ்சதும் கொண்டாந்து விட்டுடறேன். ரெண்டு பேரும் ஒண்ணா இருப்பீங்க, எனக்கும் கவலை இல்ல."

"வேண்டாம்!" அவள் போட்ட சத்தத்தில் வார்டனின் கையிலிருந்த நகவெட்டி நழுவியது. "அவளைக் கூட்டிட்டு வராதண்ணா! உன் கால்ல விழறேன், வேண்டாம்!"

மறுமுனையில் போனைப் பிடுங்கும் சத்தம் கேட்டது. "அக்கா! ஏன்க்கா வேண்டாங்கிற?" தங்கை.

இனி எத்தனை ஞாயிறு லைன் சரியில்லாமல் போனாலும் போகட்டும் என்று அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டு கொட்டித் தீர்த்தாள். "இங்க இருட்டுடி கண்ணு. ஜன்னலெல்லாம் பலகை அடிச்சு வெச்சிருக்காங்க. ஒரே கட்டில்ல ரெண்டு பேரு மாத்தி மாத்திப் படுக்கிறோம். சுவரெல்லாம் ஒழுகுது. குண்டூசின்னு ஒருத்தி விடிய விடிய இருமுறா. வெளிய விடவே மாட்டாங்கடி. வந்துடாத. நான் சொல்றதைக் கேளு, வந்துடாத."

வார்டன் பட்டனை அழுத்துவார் என்றுதான் நினைத்தாள். அவர் கையை நீட்டவே இல்லை. நகவெட்டியை எடுத்துக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்து, அடுத்த விரலைப் பார்க்க ஆரம்பித்தார்.

தங்கையின் குரல் சுருங்கி, அழுகிற மாதிரி இருந்தது.

"பொய் சொல்லாதக்கா. போட்டோவுலதான் பார்த்தேனே. நீ மட்டும் நல்லா இருக்கணும், நான் வரக் கூடாது, அப்படித்தானே?"

லைன் கட்டாகிவிட்டது. வார்டன் வாசல் பக்கம் திரும்பி, வரிசையில் அடுத்து நின்ற பெண்ணை உள்ளே வரச் சொன்னார்.