கோடும் சுழியும்

சக்கர நாற்காலியின் முன்சக்கரங்கள் வாசற்படியைத் தாண்டிச் சாய்த்து வைத்த பலகைமேல் இறங்கிய நேரத்தில், மகள் ஓடி வந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம்ப்பா. நர்ஸ் என்ன சொல்லிட்டுப் போனாங்கன்னு கேட்டீங்கல்ல?"

"கேட்டேன். இன்னைக்குத் தாண்டாதுன்னாங்க. வெளிய போகக் கூடாதுன்னு சொல்லலையே."

"அதை வேற சொல்லணுமா? இந்த நிலைமையில யாராவது தெருவுக்குக் கூட்டிட்டுப் போவாங்களா? பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"நாலு பேர் நாலு விதமா நினைப்பாங்க. நினைச்சுட்டுப் போகட்டும். முனை வரைக்கும் போயிட்டுத் திரும்பிடறேன். பத்தே நிமிஷம். விடும்மா."

மகள் விட்டாள். விட்ட கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டாள். முப்பத்தொரு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர் அவர். ஒரு குலுங்கல் இல்லாமல் மனைவியைத் தெருவில் இறக்கினார்.

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவள் இன்னும் ஒரே ஒரு முறை "தப்பு" என்று சொல்ல வேண்டும்.

அவள் அச்சகத்தில் பிழை திருத்துபவளாக இருந்தவள். அங்கே அவளுக்குப் பெயரே 'சிவப்பு மை'தான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். தன் கல்யாணப் பத்திரிகையிலேயே 'மாப்பிள்ளை'யில் ஒரு 'ப்' குறைகிறதென்று இருநூறு பத்திரிகையிலும் கையால் போட்டுக் கொடுத்தவள். ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றுகூட, மூச்சு வாங்க வாங்க, சுவரிலிருந்த 'அமைதி காக்கவும்' பலகையில் எழுத்து தேய்ந்திருப்பதைக் காட்டிக் குறைபட்டாள்.

இருவரும் வேலையை விட்டு நான்கு வருடமாகக் காலையில் இந்தத் தெருக்களில் நடந்தார்கள். நடந்தார்கள் என்று சொல்வதுகூடப் பேச்சுக்குத்தான். அவர் நடப்பார், அவள் நிற்பாள். வீட்டுக்கு வீடு கேட்டைப் பிடித்துக்கொண்டு, நேற்றைய மொட்டு இன்று என்ன ஆனது என்று விசாரித்துவிட்டுத்தான் நகர்வாள். பூவுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். அரளியைக் காட்டி "செம்பருத்தி நல்லா பூத்திருக்கே" என்பார். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் "தப்பு" என்பாள். அப்புறம் அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, இலையைக் காட்டி, காம்பைக் காட்டிப் பாடம் எடுப்பாள். "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை" என்று முடிப்பாள்.

கழுதைக்கு இரண்டாம் வருடமே எல்லாம் தெரிந்துவிட்டது. சத்தத்தை வைத்தே எந்த மாடியில் கதவு சிக்கியிருக்கிறது என்று சொல்பவருக்கு அரளி தெரியாதா? ஆனால் சரியாகச் சொன்னால் அவள் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவாள். தப்பாகச் சொன்னால்தான் மணிக்கட்டைப் பிடிப்பாள். அதனால் விடாமல் தப்பாகவே சொல்லிக்கொண்டு வந்தார்.

போன மாதம் அவள் குரல் தேய்ந்தது. "தப்பு" என்பது "ப்பு" ஆனது. பிறகு அதுவும் போய் விரல் மட்டும் பேசியது. அச்சுத்தாளில் வேண்டாத சொல்லை அடிப்பதுபோலக் குறுக்கே ஒரு கோடு இழுத்து, முனையில் ஒரு சுழி. நேற்று மத்தியானத்திலிருந்து அதுவும் இல்லை. அவர் வீட்டிலேயே எல்லாவற்றையும் முயன்று பார்த்துவிட்டார். தண்ணீரைப் பால் என்றார். செவ்வாயை வெள்ளி என்றார். விரல் அசையவில்லை. பூவைப் பார்த்தால் அசையும் என்று தோன்றிவிட்டது. தோன்றியபின் வீட்டில் இருக்க முடியவில்லை.

குளிர் விட்டுப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. போன வாரம் வெறும் முள்ளாக நின்ற காகிதப்பூ முதல் வீட்டுச் சுவருக்கு மேல் வழிந்துகொண்டிருந்தது. பிரேக்கைப் போட்டுவிட்டுக் காதருகே குனிந்தார்.

"மல்லி பூத்திருக்கும்மா. கொத்துக் கொத்தா."

சால்வைமேல் கிடந்த விரல் அப்படியே கிடந்தது. அவள் ஒரு மூச்சு விட்டாள். அடுத்தது வர வெகுநேரம் ஆனது. அவரும் அதுவரை மூச்சு விடவில்லை.

இரண்டாவது வீட்டில் ஒரு பாத்தி நிறையச் சாமந்தி. "சூரியகாந்தி பாரு."

விரல் நகர்ந்தது. இடமிருந்து வலமாக ஓர் அங்குலம் இருக்கும். முனையில் சுழித்ததா? சுழித்தது என்று அவர் சத்தியம் செய்வார்.

"தப்பா? அப்படிப் போடு! சரி, என்ன பூன்னு நீயே சொல்லு." அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

தெருமுனை வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தார். மகள் இன்னும் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். சொன்ன சொல்லைக் காற்றில் விட்டுவிட்டு நாற்காலியை இடது பக்கம் திருப்பினார்.

மூன்றாவது வீட்டில் விரல் அசையவில்லை. நான்காவதிலும் இல்லை. அவர் குரல் ஏறியது. செம்பருத்தியை முட்டைக்கோஸ் என்றார். பூசணிக்கொடியை வாழை என்றார். துளிர்த்திருந்த வேம்பைக் காட்டித் தென்னை என்றார். நல்ல புத்தியுள்ள எவளும் பொறுத்துக்கொள்ள முடியாத தப்புகள். வெயில் அவள் முகத்தில் நேராக விழுந்தது. கண் கூசவில்லை. தலை சாய்ந்தது. நிமிர்த்தி வைத்தார். மறுபடி சாய்ந்தது. மோட்டார் நின்றபின் வரும் அமைதி அவருக்குத் தெரியாததல்ல. தெரியாதவர்போல் தள்ளினார்.

அடுத்த வீட்டில் ஓய்வுபெற்ற வங்கிக்காரர் ரப்பர் குழாயால் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"செம்பருத்தி பாரும்மா! எவ்வளவு பெருசு!" மனைவியிடம் கத்தியே சொன்னார்.

வங்கிக்காரர் சிரித்தார். "சார், அது செம்பருத்தி இல்லீங்க, அரளி. நான் வச்ச செடி, எனக்குத் தெரியாதா?"

"உங்களை யாருங்க கேட்டது?" அவர் ஒரு கையால் கேட்டைப் பிடித்தார். "அவ சொல்லுவா. நீங்க வாயை மூடிட்டு இருங்க. அவ சொல்லட்டும்!"

வங்கிக்காரர் அப்போதுதான் நாற்காலியில் இருப்பவளை நன்றாகப் பார்த்தார். குழாய் கையிலிருந்து நழுவியது. தண்ணீர் கேட்டுக்கு அடியில் ஓடி வந்து சக்கரத்தைச் சுற்றிக்கொண்டது. அவர் குனிந்து குழாயை மடக்கிப் பிடித்துக்கொண்டார்.

ஈரச் சக்கரங்கள் இரண்டு கோடு இழுத்துக்கொண்டு கடைசி வீட்டுக்கு வந்தன. அந்தக் கேட்டில் ஒரு சங்குப்பூக் கொடி இருந்தது. இரண்டு இலையாக இருந்தபோதிலிருந்து அவள் அதைக் கவனித்து வந்தாள். "நேத்து இந்தக் கம்பி, இன்னைக்கு அடுத்த கம்பி. மேல் கம்பிக்குப் போனதும் பூக்கும் பாருங்க" என்பாள். இப்போது அது மேல் கம்பியைத் தாண்டி, பிடிக்க ஒன்றுமில்லாமல் வெறும் காற்றில் ஆடியது. பத்துப் பன்னிரண்டு பூ. அத்தனையும் அப்படியொரு நீலம்.

பிரேக்கைப் போட்டுவிட்டு அவள் முன்னால் ரோட்டிலேயே உட்கார்ந்தார். அவள் கையை எடுத்துத் தன் மணிக்கட்டில் வைத்தார். அது பிடிக்கவில்லை. வைத்து அழுத்திக்கொண்டார்.

"இது சங்குப்பூ. அது அரளி. முன்னாடி பார்த்தது வேம்பு. எனக்கு எல்லாம் தெரியும்மா. ரெண்டு வருஷமா வேணும்னேதான் தப்பாச் சொன்னேன். உன்னை ஏமாத்தினேன். இப்பவாவது திட்டேன். ஒரு தடவை. ஒரே ஒரு தடவை."

செருப்புச் சத்தம் கேட்டது. மகள் ஓடி வந்தாள். ஒரு காலில் அவளுடையது, ஒரு காலில் அம்மாவுடையது. குனிந்து அம்மாவின் மூக்கருகே விரலை வைத்தாள். எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தாள். பிறகு சால்வையின் இரண்டு முனைகளையும் இழுத்து மெதுவாகச் செருகினாள்.

அவர் மகளைப் பார்க்கவில்லை. நாற்காலியைப் பிடித்து எழுந்து, கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது ரோஜாதானே?" என்றார். யாரைக் கேட்டார் என்று சொல்ல முடியாது.

மகள் நிமிர்ந்து அந்த நீலப் பூக்களைப் பார்த்தாள்.

"ஆமாப்பா," என்றாள். "ரோஜாதான்."

அவர் நாற்காலியின் பின்னால் வந்தார். பிறகு குனிந்து பிரேக்கை எடுத்துவிட்டார்.