சம்பந்திகளும் ஓர் எலியும்

அந்த வீட்டில் பகலில் யாரும் சத்தம் போடக் கூடாது. மகள் ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்க்கும் நர்ஸ். காலையில் வந்து குளித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தால் சாயங்காலம்தான் எழுவாள். மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். விடிந்ததும் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். அதற்குப் பிறகு முன்னறையில் இரண்டு சம்பந்தியம்மாக்கள் மட்டும்தான்.

பெண்ணைப் பெற்றவரை எல்லோரும் டைப்பிஸ்ட் அம்மா என்பார்கள். கப்பல் கம்பெனி ஒன்றில் தட்டச்சு வேலை பார்த்தவர். வேலையை விட்டு வெகுநாளாகியும் அந்தப் பெயர் அவரை விடவில்லை. காய்கறிப் பையோடு மாடிப்படியில் சறுக்கி முழங்காலைப் பிசகிக்கொண்டதால், "காலை நீட்டிக்கிட்டு என் கண்ணு முன்னாலயே உக்காரு" என்று மகள் இங்கே அழைத்து வந்துவிட்டாள். அதே வாரம் மாப்பிள்ளையின் அம்மாவும் பெட்டியோடு வந்து இறங்கினார். அவர் இருக்கும் கட்டடத்தில் தண்ணீர்க் குழாய்களையெல்லாம் பெயர்த்து மாற்றிக்கொண்டிருந்தார்கள். தையல்கடை வைத்திருப்பவர். அவரைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அவர் தையலம்மா.

இருவருக்கும் சண்டை கிடையாது. சண்டை இருந்திருந்தாலாவது பேசித் தீர்த்திருக்கலாம். இருந்தது மரியாதை. கல்யாணத்துக்கு முன்னால், தையலம்மா தன் கையாலேயே தைத்து அனுப்பிய மணப்பெண் உடுப்பைப் பார்த்து, "கை கொஞ்சம் இறுக்கமோ?" என்று டைப்பிஸ்ட் அம்மா வாய்தவறிக் கேட்டுவிட்டார். அந்த நொடியிலிருந்து தையலம்மாவின் பேச்சில் தேன் ஒழுக ஆரம்பித்தது. "நீங்க சொன்னா சரிதான் சம்பந்தி." "உங்களுக்குத் தெரியாததா சம்பந்தி." இவரும் சளைக்காமல் தேன் ஊற்றினார். டீயோடு வைக்கும் தட்டில் கடைசி பிஸ்கட்டை "நீங்க எடுத்துக்கங்க", "ஐயோ, நீங்கதான்" என்று மாற்றி மாற்றித் தள்ளிவிட, அது யார் வயிற்றுக்கும் போகாமல் நமத்துப்போகும்.

ஒரு நாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது மாப்பிள்ளை தன் டேப்லெட்டைக் கொண்டுவந்து டைப்பிஸ்ட் அம்மாவின் மடியில் வைத்தார்.

"அத்தை, சும்மா உக்காந்திருந்தா உங்களுக்குப் பொழுது போகாது. நான் சின்னப் பையனா இருந்தப்ப விளையாடின பழைய கம்ப்யூட்டர் கேமெல்லாம் இதுல ஏத்தி வெச்சிருக்கேன். தொட்டா போதும், ஓடும்."

அவர் போன பிறகு டைப்பிஸ்ட் அம்மா கண்ணாடியை மூக்கில் சரிசெய்துகொண்டு ஒவ்வொரு படமாகத் தொட்டுப் பார்த்தார். கார், விண்கலம், செங்கல் உடைக்கும் பந்து. அடுத்த படத்தைத் தொட்டதும் 'டிங்கு டிங்கு' என்று ஒரு பாட்டு கிளம்பியது. பதறிப்போய் சத்தத்தை அமுக்கினார். ஆனால் அதற்குள் அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

"சம்பந்தி! இது எங்க எலி!"

பெரிய கிடங்கு. மாடிக்கு மாடி ஏணி. மூலைக்கு மூலை பூனை. ஒரு குட்டி எலி ஓடி, தாவி, ஒவ்வொரு மாடியிலும் தொங்கும் சாவியை எடுத்துக்கொண்டு கூரைவரை ஏற வேண்டும். ஆபீசில் மேனேஜர் சாப்பிடப் போகும் நேரத்தில் அவர் விளையாடியது இதைத்தான். கணக்குப் பிரிவிலிருந்து ஆட்கள் வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். பதவி உயர்வு தராத மதிப்பை அந்த எலி அவருக்குத் தந்திருந்தது.

"அப்படியா? நீங்க விளையாடுங்க, நான் பாக்கறேன்" என்று தையலம்மா நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

டைப்பிஸ்ட் அம்மா விரல்களைச் சொடுக்கெடுத்துக்கொண்டு ஆரம்பித்தார். எலி நாலடி ஓடியது, நின்றது. முதல் பூனை நிதானமாக நடந்து வந்து அதைக் கவ்விக்கொண்டு போனது.

மறுபடியும் முயன்றார். மறுபடியும் அதே பூனை.

"என்ன இது, விரலுக்கு அடியில ஒண்ணுமே இல்லையே!" என்று முணுமுணுத்தார். விசைப்பலகையில் என்றால் பொத்தானுக்கு விளிம்பு உண்டு, பள்ளம் உண்டு, அழுத்தினால் 'டக்' என்று பதில் சொல்லும். இங்கே இடது மூலையில் நாலு அம்புக்குறி, வலது மூலையில் குதிப்பதற்கு ஒரு வட்டம். எல்லாம் வெறும் படம். கட்டைவிரல் கொஞ்சம் வழுக்கினாலும் எலி கல்லாய்ச் சமைந்துவிடுகிறது. குனிந்து விரலைப் பார்த்தால் பூனை வருவது தெரிவதில்லை.

"நான் ஒரு தடவை தொட்டுப் பாக்கலாமா சம்பந்தி?" என்றார் தையலம்மா.

"தாராளமா" என்று நீட்டினார், வந்த சிரிப்பை மரியாதைக்குள் ஒளித்துக்கொண்டு. தையலம்மா வாழ்நாளில் கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை.

தையலம்மா அழுத்தவில்லை, தட்டவில்லை. வழுக்கும் பட்டுத் துணியை ஊசிக்கு அடியில் நகர்த்துவதுபோல விரலைத் திரையிலிருந்து எடுக்காமல் லேசாகத் தள்ளினார். எலி ஓடியது. முதல் மாடி, இரண்டாம் மாடி. ஏணி, தாவல், சாவி. குதிக்கிற இடங்களில் மட்டும் கொஞ்சம் தடுமாறி, மூன்றாம் மாடியில்தான் மாட்டினார்.

"ஏதோ குருட்டு அதிர்ஷ்டம்" என்று டேப்லெட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"ரொம்ப நல்லா விளையாடறீங்க சம்பந்தி" என்றார் டைப்பிஸ்ட் அம்மா. வயிறு எரிந்தது.

அன்றிலிருந்து அந்த முன்னறை போர்க்களம் ஆயிற்று, சத்தமில்லாத போர்க்களம். பூனை பாயும்போது அலற முடியாது. அதனால் டைப்பிஸ்ட் அம்மா சோபாவின் தலையணையைக் கடித்துக்கொள்வார். தையலம்மா புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொள்வார். யாராவது ஜெயித்தால் இரண்டு கையையும் மேலே தூக்கி ஓசைப்படாமல் ஆட்டுவார்கள். ஆனால் ஜெயிப்பது பெரும்பாலும் தையலம்மாதான். டைப்பிஸ்ட் அம்மா விரலைப் பவுடரில் தோய்த்துப் பார்த்தார். டேப்லெட்டை மேசையில் நிறுத்திவைத்து ஆபீஸ் நாற்காலித் தோரணையில் நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்தார். திரையை ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளப்பாக்கினார். எலிக்கு மட்டும் இரக்கம் வரவில்லை.

ஒரு மத்தியானம் முதல் மாடியிலேயே வரிசையாகத் தோற்றபோது அவருக்குக் கண்ணில் நீர் கட்டிவிட்டது. முழங்கால் வலி என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார். தையலம்மா எழுந்து போனார். திரும்பி வரும்போது கையில் கத்தரிக்கோலும் கண்ணாடிபோன்ற ஒட்டு டேப்பும் இருந்தன.

"இத்தனை நாளா பாத்துக்கிட்டுதான் இருக்கேன். உங்க கண்ணு எலி மேல இல்ல சம்பந்தி, விரல் மேல இருக்கு."

டேப்பைப் பொட்டளவுக்கு வட்ட வட்டமாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, அம்புக்குறிகளின் மேலும் குதிக்கும் வட்டத்தின் மேலும் பதித்தார். படம் மறையவில்லை. ஆனால் விரல் வைத்தால் விளிம்பு தட்டுப்பட்டது.

"இப்ப தொடுங்க."

டைப்பிஸ்ட் அம்மா கண்ணை மூடிக்கொண்டு தடவினார். இதோ இடது. இதோ மேல். வலது கட்டைவிரலுக்கு அடியில் இதோ குதி. பழைய நண்பர் ஒருவர் கையைப் பிடித்துக் குலுக்கியதுபோல இருந்தது.

"ஏன் சம்பந்தி, இதை ஒட்டாம விட்டிருந்தா நீங்க ஜெயிச்சுக்கிட்டே இருந்திருக்கலாமே?"

"தோத்துக்கிட்டே இருக்கறவங்களோட விளையாடறதுல என்ன சுகம் இருக்கு?"

டைப்பிஸ்ட் அம்மா டேப்பின் விளிம்பைத் தடவிக்கொண்டே, "அன்னிக்கு நான் கை இறுக்கம்னு சொன்னது..." என்று இழுத்தார்.

"இறுக்கம்தான்" என்றார் தையலம்மா பட்டென்று. "உங்க பொண்ணு அளவு எடுக்கும்போது ஒல்லியா தெரியணும்னு கையை உடம்போட ஒட்டிவெச்சுக்கிட்டா. எனக்கு அன்னிக்கே தெரியும். ஆனா மாமியாரா ஆகப்போறவ, வாயைத் திறக்க முடியுமா?"

சிரிப்பை அடக்க இரண்டு பேருக்கும் ஒரே தலையணைதான் கிடைத்தது. அன்று மாலை கடைசி பிஸ்கட்டை டைப்பிஸ்ட் அம்மா கேட்காமலேயே எடுத்துப் பாதியாக உடைத்தார்.

அதற்குப் பிறகு ஆட்டம் சூடு பிடித்தது. டைப்பிஸ்ட் அம்மாவின் எலி பூனையின் மீசையை உரசிக்கொண்டு தாவியது. தையலம்மாவின் எலி சந்து பொந்தெல்லாம் நுழைந்து ஓடியது. நடுவில் ஒரு நாள் பிளம்பர் போன் செய்து, குழாய் வேலை முடிந்தது, வீட்டுக்கு வரலாம் என்றார். "எல்லாக் குழாயிலயும் தண்ணி ஒழுங்கா வருதான்னு இன்னொரு வாரம் நல்லா பாருங்க தம்பி, அவசரமே இல்ல" என்று சொல்லி தையலம்மா போனை வைத்துவிட்டார்.

ஆனால் கூரை மட்டும் இருவருக்கும் பிடி கொடுக்கவில்லை. அங்கே பலகைகள் கால் பட்டவுடனே உதிர்ந்து விழும். நிற்காமல் ஓட வேண்டும், ஓடும்போதே சரியான நொடியில் தாவ வேண்டும். டைப்பிஸ்ட் அம்மாவுக்குத் தாவல் கச்சிதமாக வரும், ஓட்டத்தில் எலி திணறும். தையலம்மாவுக்கு ஓட்டம் தண்ணீர்பட்ட பாடு. தாவும்போது ஒரு நொடி பிந்திவிடும்.

சனிக்கிழமை மாப்பிள்ளை சீக்கிரமே வேலை முடிந்து வந்தார். இருவரும் கூரையில் விழுந்து எழுவதைப் பார்த்து மெல்லிய குரலில் சிரித்தார்.

"வீணா முயற்சி பண்ணாதீங்க. எங்க ஸ்கூல்ல நான்தான் சாம்பியன். என்னாலயே கூரையைத் தாண்ட முடியல. அதைத் தாண்டவே முடியாதுன்னு நாங்கல்லாம் முடிவே பண்ணிட்டோம்."

சம்பந்திகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீங்க ஓட்டுங்க" என்றார் டைப்பிஸ்ட் அம்மா. "நான் தாவறேன்."

சோபாவில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தார்கள். டேப்லெட் இருவர் மடியிலும் பாதிப் பாதி. அம்புக்குறிகளின் மேல் தையலம்மாவின் இடது கை. வட்டத்தின் மேல் டைப்பிஸ்ட் அம்மாவின் ஆள்காட்டி விரல். முதல் தடவை கீழ் மாடியிலேயே குழப்பம். "இப்பன்னு சொல்லுங்க சம்பந்தி." "சொல்லி முடிக்கறதுக்குள்ள விழுந்துடுதே!" மாப்பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

பிறகு டைப்பிஸ்ட் அம்மா ஒன்றைக் கவனித்தார். எலியைத் திருப்புவதற்கு முன்னால் தையலம்மாவின் தோள் துளி அசைகிறது. காதால் கேட்க வேண்டியதில்லை, தோளால் கேட்டால் போதும். அதற்குப் பிறகு எலி மாடி மாடியாக ஏறியது. இரண்டு உடம்புக்கும் சேர்த்து ஒரே மூச்சு ஓடியது. மாப்பிள்ளை சிரிப்பை நிறுத்திவிட்டுத் தரையில் வந்து உட்கார்ந்தார்.

கூரை வந்தது. பலகைகள் உதிரத் தொடங்கின. தாவல். ஓட்டம். தாவல். புகைபோக்கிக்குப் பின்னாலிருந்து பெரிய கறுப்புப் பூனை எட்டிப் பார்த்தது. தையலம்மாவின் விரல் ஒரு கணம் தயங்கியது.

"நிக்காத, ஓடு! ஓடுடி!" என்றார் டைப்பிஸ்ட் அம்மா.

மாப்பிள்ளைக்குத் தூக்கிவாரிப்போட்டது. சம்பந்தியைப் பார்த்து 'டி'யா! அவர் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"ஓடிக்கிட்டுதான் இருக்கேன், நீ குதிடி!"

எலி குதித்தது. கறுப்புப் பூனையின் தலைக்கு மேலே, உதிர்ந்துகொண்டிருந்த கடைசிப் பலகைக்கும் அப்பால், கூரையின் கோடியில் போய் விழுந்தது. திரையில் நிலா எழும்பியது. எலி காலை மடக்கி உட்கார்ந்து, தன்னைவிடப் பெரிய பாலாடைக்கட்டி ஒன்றைக் கடிக்க ஆரம்பித்தது. கீழே பூனைகளெல்லாம் வரிசையாக நின்று கை தட்டின.

இத்தனை நாளாய் அடக்கிவைத்த அலறலெல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வந்தது. டைப்பிஸ்ட் அம்மா எழுந்து நின்று கத்தினார். தையலம்மா அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்தினார். மாப்பிள்ளை இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, "போச்சு, எங்க ஸ்கூல் மானமே போச்சு!" என்று இருவரையும்விட உரக்கக் கத்தினார்.

உள்ளறைக் கதவு படாரென்று திறந்தது. கலைந்த தலையும் பாதி மூடிய கண்ணுமாக மகள் ஓடிவந்தாள்.

"என்னாச்சு? யாருக்கு என்ன? அம்மா, முட்டி! முட்டியை வெச்சுக்கிட்டு எதுக்கு நிக்கற? அத்தை, நீங்களாவது... ஐயோ, நீங்களும் குதிக்கறீங்களா?"

மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். எலி, கூரை, கறுப்புப் பூனை, தோள், பலகை என்று அவள் காதில் விழுந்ததெல்லாம் உதிரி உதிரியாகத்தான். தன் அம்மாவும் மாமியாரும் கழுத்தைக் கட்டிக்கொண்டு நிற்பது மட்டும் நன்றாகப் புரிந்தது. கல்யாணமானதிலிருந்து அவள் பார்க்காத காட்சி. தூக்கம் கெட்ட கோபம் வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

"எங்க, எனக்குக் காட்டுங்க அந்த நிலாவை."

திரையைப் பார்த்தார்கள். நிலாவும் இல்லை, பாலாடைக்கட்டியும் இல்லை. ஆட்டம் தானாகவே ஆரம்பத்துக்குப் போய், முதல் மாடியில் எலி வாலை ஆட்டிக்கொண்டு நின்றது.

"அடடா" என்றார் தையலம்மா.

"அதெல்லாம் தெரியாது. என்னை எழுப்பிவிட்டுட்டீங்க. நான் டியூட்டிக்குக் கிளம்பறதுக்குள்ள பார்த்தாகணும்" என்று மகள் இருவருக்கும் நடுவில் இடம் பண்ணிக்கொள்ள வந்தாள்.

"நடுவுல வராத, தள்ளி உக்காரு" என்று அவளை ஓரமாக நகர்த்தினார் டைப்பிஸ்ட் அம்மா. "எங்களுக்குத் தோள் இடிக்கணும்."

மாப்பிள்ளை டீ போட அடுப்படிக்குப் போனார். தையலம்மா விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு அம்புக்குறியின் மேல் வைத்தார்.

"ரெடியாடி?"

"எப்பவோ ரெடி. நீ ஓட்டு."