பாலத்தடியை விழுங்கியவர்

ரயில் நிலைய அறிவிப்பாளருக்கு ‘மூச்சுக்காரர்’ என்று பெயர் வைத்தது யாரென்று தெரியாது. வண்டி எண், நடைமேடை, நிற்கும் ஊர்கள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். அவர் சொல்லி முடிப்பதற்குள் வண்டி அடுத்த நிலையத்தைத் தொட்டுவிடும் என்பார்கள். பச்சைப் பொய். பாதித் தூரம்தான் போயிருக்கும்.

அவருடைய அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவரெல்லாம் சத்தத்தை உறிஞ்சும் அட்டை. ஒரு மைக், ஒரு நாற்காலி, ஒரு ஃப்ளாஸ்க். நிலையமே கேட்கும் குரல், ஆனால் முகத்தைப் பார்த்தவர்கள் அபூர்வம். கல்யாணம் ஒருமுறை கூடிவந்தது. “உங்களைப் பத்திச் சொல்லுங்க” என்றார்கள் பெண் வீட்டார். அவர் சொல்லி முடித்து நிமிர்ந்தபோது எதிரே நாற்காலிகள் மட்டும் இருந்தன.

உட்கார்ந்தே வேலை பார்த்ததில் ஒரு கால் வீங்கியது, அதுவாகவே வடிந்தது. அதற்குப் பிறகுதான் மூச்சு குறைய ஆரம்பித்தது. வயசு என்றார்கள், தொப்பை என்றார்கள், ஆஸ்துமா என்று ஒருவர் மருந்தும் கொடுத்தார். எந்த மருந்துக்கும் கேட்கவில்லை. மூச்சு எட்டாமல் போன ஒரு நாள், சாயங்கால வண்டியின் ஊர்களில் பாலத்தடியை விழுங்கிவிட்டார். சின்ன நிறுத்தம்; ஒரு பெஞ்சு, ஒரு தண்ணீர்க் குழாய். யார் கேட்கப்போகிறார்கள்?

மறுநாளே கதவைக் குடையால் இடித்தாள் ஒரு பெண்மணி. பாலத்தடிக்காரி, இங்கே தையல் கடை வைத்திருப்பவள்.

“எங்க ஊர என்னய்யா பண்ணினீங்க? நேத்து அதும் பேரையே சொல்லல, நிக்காது போலன்னு அந்த வண்டிய விட்டுட்டு அடுத்த வண்டில ஏறினேன். அது பாலத்தடிய ஒரு பார்வை பாத்துட்டு அப்படியே போயிடுச்சு!”

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். ஒரு வாக்கியத்துக்குள் பலமுறை நிற்க வேண்டியிருந்தது. அவள் குடையைத் தாழ்த்தினாள்.

“உதடெல்லாம் நீலமா இருக்கே. டாக்டரப் பாத்தீங்களா?”

“ஆஸ்துமான்னு... சொன்னாங்க.”

“வேற டாக்டரப் பாருங்க. ஒரு ஊரே காணாமப் போயிருக்கு, சின்ன விஷயமா?”

பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். காலில் உறைந்த ரத்தக்கட்டி உடைந்து நுரையீரலுக்குப் போய், அங்கேயே குடியேறிவிட்டதாம். ரத்தக் குழாய்கள் அடைத்து நுரையீரலில் ரத்த அழுத்தம் ஏறி, இதயத்தின் வலதுபக்கம் தள்ளித் தள்ளிக் களைத்துப் போயிருந்தது.

“கரைக்க மாத்திரை இல்லையா டாக்டர்?”

“மாத்திரை புதுக் கட்டி வராமத் தடுக்கும். பழசு சுவத்துல காஞ்ச சாந்து மாதிரி. உரிச்சுத்தான் எடுக்கணும். உடம்பக் குளுர வச்சு, கொஞ்ச நேரம் ரத்த ஓட்டத்தையே நிறுத்திட்டுச் செய்வோம்.”

“அந்த நேரம் நான் எங்க இருப்பேன்?”

“இங்கதான். ஏன்?”

“தாமதம்னா காரணம் சொல்லிப் பழக்கம். அதான்.”

டாக்டர் சிரித்துவிட்டு, சிரிக்க முடியாத கேள்வியைக் கேட்டார். “கூட யார் இருப்பாங்க? ஆள் இல்லாம தேதி குடுக்க மாட்டோம்.”

தம்பிக்குப் போன் போட்டார். “அண்ணே, லீவு கிடைக்காதே. வேற யாரையாவது சொல்லேன்.” வேற யார் என்று வீட்டுக்குள் ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்தார். இருப்பது இரண்டு அறைதான், சீக்கிரம் முடிந்துவிட்டது.

ஒருவரைக் கூப்பிட அவருக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான். மறுநாள் சாயங்கால வண்டி வரும் நேரம் மைக்கைத் திறந்தார். “பயணிகள் கவனத்திற்கு. பாலத்தடி செல்லும் தையல்கார அம்மா... அறிவிப்பு அறைக்கு... வரவும்.” பாலத்தடியைச் சொன்னதில் மிச்ச மூச்சும் போயிற்று.

கதவு இடிபட்டது. விஷயத்தைக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: “இதுக்கு மைக்கு வேறயா? ஊரே திரும்பிப் பாக்குது, மானம் போகுது. என்னைக்கு வரணும்?”

ஆஸ்பத்திரியில் “நோயாளிக்கு நீங்க என்ன உறவு?” என்று கேட்டார்கள். “பயணி” என்றாள். எழுதுகிறவர் பேனாவைத் தூக்கியபடியே வெகுநேரம் இருந்தார்.

அறுவை சிகிச்சை முடிந்ததும், உரித்தெடுத்ததை டாக்டர் அவளுக்குத் தட்டில் வைத்துக் காட்டினார். மஞ்சளும் வெள்ளையுமாக, கிளை கிளையாகப் பிரிந்து, பிடுங்கிய வேர் மாதிரி. ரயில் பாதைப் படம் போலவும் இருந்தது. “இதுல எங்க ஊரு எங்கங்க டாக்டர்?” என்று கேட்டுவிட்டு, வண்டிக்கு நேரமாயிற்று என்று கிளம்பிவிட்டாளாம். அவர் கண் விழித்தபோது பக்கத்தில் இயந்திரம் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. இதையெல்லாம் நர்ஸ் சொல்லித்தான் தெரியும்.

ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை ஆயுசுக்கும் உண்டு. மூச்சு மட்டும் திரும்பி வந்துவிட்டது. வேலைக்குத் திரும்பிய முதல் நாள் சாயங்கால வண்டியை ஒரே மூச்சில் சொன்னார். பாலத்தடியைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்திருந்து, நீட்டி முழக்கிச் சொன்னார். மைக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். ஜன்னல் இல்லாத அறையில் யார் வந்தார், யார் வரவில்லை என்று தெரியாது.

கதவில் ‘டங்’ என்று ஒரே ஒரு இடி.

நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினார். ஓடியும் மூச்சு வாங்கவில்லை. கதவைத் திறந்தபோது நடைமேடை காலி. சாயங்கால வண்டியின் கடைசிப் பெட்டி வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது.

உள்ளே வந்து நாற்காலியை நிமிர்த்திப் போட்டு, அடுத்த வண்டியைச் சொன்னார். அது பாலத்தடியில் நிற்காத வண்டி. நிற்காது என்பதையும் சேர்த்தே சொன்னார்.