பேர் கொடுத்தவன்

“எந்தம்பி பேர எம்புருசன் பேருன்னு எய்தித் தரணுமா? இன்னாய்யா பேசற நீ? சோத்துல உப்பு போட்டுத்தான துன்ற?”

“மெதுவா பேசு கன்னிம்மா. ஊரே கேக்குது” என்றான் அவள் புருஷன் வேம்புலி.

“கேக்கட்டும். தம்பியப் புருசனாக்கச் சொல்றவனுக்கு இல்லாத வெக்கம் எனக்கு இன்னாத்துக்கு?”

ஊர் கேட்டது உண்மைதான். கொரட்டூர் ஏரிக்கரைப் பக்கம் இருந்த அந்தக் காம்பவுண்டில் எட்டு வீடுகள், ஒரு குழாய். அன்றைக்குக் குழாயில் தண்ணீர் வராத சாயங்காலம். ஆனாலும் ஆறு குடங்கள் வரிசையில் நின்றன, அவற்றின் பின்னால் நாங்கள் நின்றோம். எங்களில் ஜமீலா மட்டும் குடம்கூட எடுத்து வராமல், நேர்மையாக வேடிக்கை பார்க்க வந்திருந்தாள்.

சண்டையின் வேர் புரிய வேண்டுமானால் வேம்புலியின் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்பத்தூர் எஸ்டேட்டில் லாரிக் கதவுக்குக் கீல் அடிக்கும் ஒரு கம்பெனியில் அவன் ஐந்து வருஷமாகத் தகடு அழுத்தும் பிரஸ் மிஷின் ஓட்டினான். கம்பெனியின் ஆள் இல்லை, காண்ட்ராக்டர் பக்தவத்சலத்தின் ஆள். அதே பிரஸ்ஸில் அடுத்த ஷிப்டு நிற்கிறவர் முன் வீட்டு செபாஸ்டியன். அவர் பெர்மனென்ட், சங்கத்தின் செயலாளர் வேறு. இருவரும் அடிப்பது ஒரே கீல். வேம்புலிக்கு நாளுக்குப் பதினெட்டு ரூபாய், வேலைக்குப் போகாத நாளுக்கு ஒன்றுமில்லை. செபாஸ்டியனுக்குப் பஞ்சப்படியோடு மாதம் ஆயிரத்து அறுநூறு, தீபாவளிக்குப் போனஸ், வருஷத்துக்கு இரண்டு செட் காக்கித் துணி, மாதம் இரண்டு சோப்பு, நாற்பது காசுக்குக் கேண்டீன் சாப்பாடு. சோப்பு மீந்து போய் அவர் மனைவி ஞானசௌந்தரி அதைக் கால்விலைக்கு எங்களுக்கே விற்பாள். கன்னியம்மா மட்டும் வாங்கமாட்டாள்.

இரண்டு வருஷத்துக்குள் நானூற்றெண்பது நாள் வேலை பார்த்தவனைப் பெர்மனென்ட் ஆக்க வேண்டும் என்று சர்க்கார் சட்டம் போட்டு அப்போது நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. சட்டம் தொழிலாளிக்காகப் போட்டது. ஆனால் அதைக் கரைத்துக் குடித்தவர் பக்தவத்சலம்தான். நானூற்றைம்பது நாள் நெருங்கியதும் ஆளைக் கூப்பிடுவார். “டேய், உம்பேரு முடிஞ்சி போச்சு. வேற பேரு சொல்லு” என்பார். வெள்ளிக்கிழமை ஒரு பேரில் வீட்டுக்குப் போனவன் திங்கட்கிழமை இன்னொரு பேரில் அதே மிஷினில் நிற்பான். மற்றவர்கள் வாய்க்கு வந்த சாமி பேரைச் சொல்லித் தப்பித்தார்கள். வேம்புலிக்கு அந்த நிமிஷத்தில் எந்தச் சாமியும் ஞாபகத்துக்கு வரவில்லை. மச்சான் பேர்தான் வந்தது, கன்னியம்மாவின் தம்பி பேர். சின்னப்பையன். அதோடு விட்டானா? அப்பன் பேர் கேட்டபோது மாமனார் பேரைச் சொன்னான், விலாசம் கேட்டபோது காம்பவுண்டு விலாசத்தைச் சொன்னான். பொய் சொல்லும்போதும் சுத்தமாகச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிற ரகம்.

அதற்கப்புறம் பக்தவத்சலத்துக்கு மஞ்சள் காமாலை வந்து ஊர்ப்பக்கம் போய்ப் படுத்தார். ஆள் வருகை குறிக்கும் மஸ்டர் ரோலைப் பார்த்துக்கொண்ட குமாஸ்தா வேறு வேலை கிடைத்துப் போய்விட்டான். நாட்களை எண்ணுவதற்கு ஆளில்லாமல் சின்னப்பையன் என்ற பேர் ஐந்நூற்றுப் பதினோரு நாள் ஓடிவிட்டது.

சங்கம் அதுவரை காண்ட்ராக்ட் ஆட்களைத் திரும்பிப் பார்த்ததில்லை. முந்தின வருஷம் பெர்மனென்ட் ஆட்கள் நாற்பது நாள் கேட்டுக்கு வெளியே பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். உள்ளே காண்ட்ராக்ட் ஆட்கள் ஒரு கீல் குறையாமல் அடித்துத் தள்ளினார்கள். பந்தலைப் பிரித்த அன்றைக்குத்தான் செபாஸ்டியனுக்கு அவர்கள்மேல் பாசம் பிறந்தது. அடுத்த ஒப்பந்தத்தில், ரிஜிஸ்டரில் நானூற்றெண்பது நாள் தாண்டியவர்களைப் பெர்மனென்ட் ஆக்க வேண்டும் என்று சேர்த்தார். கம்பெனி லிஸ்டு ஒட்டியது. பதினோரு பேர். அதில் சின்னப்பையன் இருந்தான், வேம்புலி இல்லை. அவன் அங்கே வேலை பார்த்ததற்கு அவனிடம் இருந்த ஒரே அத்தாட்சி, பிரஸ்ஸில் போன இடது சுண்டுவிரலின் பாதிதான். அதுவும் எந்த ரிஜிஸ்டரிலும் ஏறவில்லை.

சனிக்கிழமைக்குள் பள்ளிக்கூட சர்ட்டிபிகேட், இரண்டு போட்டோ, குடும்ப விவரம் கொடுக்க வேண்டும். பேர் பொய் என்று ஒருத்தன் வாயைத் திறந்தாலும் ரிஜிஸ்டரே பொய் என்று சொல்லிக் கம்பெனி பதினோரு பேரையும் தள்ளிவிடும். ஆகவே வேம்புலி சின்னப்பையனாகவே ஆகிவிட வேண்டும் என்பது செபாஸ்டியனின் யோசனை. வேம்புலி பள்ளிக்கூடம் போனதில்லை. மச்சான் எட்டாவது பாஸ். வில்லிவாக்கத்தில் சைக்கிள் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அவன் அன்றைக்குச் சாயங்காலம் சர்ட்டிபிகேட்டைப் பாலிதீன் பையில் சுற்றி, அக்காள் புருஷனிடம் கொடுத்துவிட்டுப் போகத்தான் வந்திருந்தான். கெட்டவன் என்று அவனைச் சொல்ல முடியாது. சொல்லிப் பார்த்தோம், ஒட்டவில்லை.

எல்லாம் குடும்ப விவரத் தாளில் வந்து நின்றது. தொழிலாளி பெயர் சின்னப்பையன். மனைவி பெயர் கன்னியம்மா. கீழே மனைவி கைநாட்டு.

செபாஸ்டியன் வெளியே வந்தார். “தங்கச்சி, இது வெறும் பேப்பரும்மா. வூட்டுக்குள்ள யாரு உம்புருசன்னு கம்பெனி வந்து பாக்கப் போறானா?”

“பேப்பருன்னா உம்பொஞ்சாதிய அவ தம்பி பேருக்கு எய்தி வை அண்ணாத்தே, பாக்கலாம்.”

ஞானசௌந்தரி சட்டென்று குனிந்து குடத்தைச் சரிசெய்தாள்.

“சரி, கல்யாணம் ஆவாதவன்னு போட்டுடலாமா?”

“அப்ப நான் யாரு? இந்த ரெண்டு புள்ளைங்க யாரு? நாளைக்கு ஈயெஸ்ஐ ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போனா, வாடி வப்பாட்டின்னு கூப்புடுவானா?”

வேம்புலி அதுவரை வாசற்படியில் உட்கார்ந்து பாதி விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அதிகம் பேசாத மனுஷன். பேசாதவர்களுக்குக் கோபம் வந்தால் அளவு தெரியாது. எழுந்து அந்தத் தாளைச் சுருட்டி மச்சான் மேல் எறிந்தான்.

“அப்ப உந்தம்பியே போவட்டும்டீ! அவன் பேருதான? அவனே போயி பிரஸ்ல நிக்கட்டும். நான் சைக்கிளுக்கு பஞ்சர் ஒட்டினு கீறேன்!”

செபாஸ்டியன் மோவாயைத் தடவினார். பதினோரு பேரும் உள்ளே போக வேண்டும், எந்த உடம்பு என்பது அவருக்குப் பெரிய விஷயமில்லை. “அதுகூட… நல்ல யோசனைதான்” என்றார்.

சின்னப்பையன் கீழே கிடந்த தாளை எடுத்துத் தொடைமேல் வைத்து நீவினான். “மாமா, நெசமாத்தான் சொல்றியா?”

வேம்புலி இல்லை என்று சொல்லியிருக்கலாம். கன்னியம்மாவும் சொல்லியிருக்கலாம். அவள் புருஷனைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், உள்ளே போய் ஸ்டவ்வுக்குக் காற்று அடித்தாள். கொஞ்சம் அதிகமாகவே அடித்தாள்.

திங்கட்கிழமை இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் எஸ்டேட்டுக்குப் போனார்கள். கேட்டில் பிரிந்து, மச்சான் பெரிய வாசல் வழியாகவும் மாமன் காண்ட்ராக்ட் ஆட்களின் சின்ன வாசல் வழியாகவும் உள்ளே போனார்கள். போர்மேன் வழக்கம்போல “சின்னப்பையா!” என்று கூப்பிட, இரண்டு தலை திரும்பியதாம். போர்மேன் விவரமானவர், அதற்கப்புறம் கூப்பிடுவதை நிறுத்திக் கையைத் தட்ட ஆரம்பித்தார். உடம்பு தேறித் திரும்பி வந்த பக்தவத்சலம் வேம்புலியிடம் புதுப் பேர் கேட்டார். “நீயே வச்சிக்க நைனா” என்றான். அவர் ஜெயபால் என்று எழுதிக்கொண்டார். வேம்புலி ஒரே நாளில் வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவனாகிவிட்டான் என்று செபாஸ்டியனே சிரித்தார். அன்றைக்கு வேம்புலியும் சிரித்ததாகத்தான் சொல்கிறார்கள்.

சின்னப்பையனுக்கு சைக்கிள் செயின் தெரியும், பிரஸ் தெரியாது. பெடலை மிதிக்கவே பயந்தான். ஆகவே மிஷினை ஜெயபால் ஓட்டினான், பெர்மனென்ட் தொழிலாளி பக்கத்தில் நின்று எண்ணெய் விட்டான். சம்பளத்தில் பாதியை அக்காளுக்குக் கொடுப்பதாகப் பேச்சு. ஆறு மாதம் அப்படியே கொடுத்தான். பிறகு கால்வாசி ஆனது. பிறகு பிள்ளைகளுக்கு பிஸ்கட் பாக்கெட் ஆனது. இது கொஞ்சம் கொஞ்சமாக நடந்ததால் எங்களாலேயே எந்த மாதம் என்று தேதி சொல்ல முடியவில்லை. அடுத்த ஒப்பந்தத்தில் பெர்மனென்ட் ஆட்களுக்கு மாதம் முந்நூறு ஏறியது, காண்ட்ராக்ட் ஆட்களுக்கு நாளுக்கு இரண்டு ரூபாய். சின்னப்பையன் டிவிஎஸ் பிஃப்டி வாங்கினான். சைக்கிள் வேம்புலிக்கே வந்து சேர்ந்தது.

ஜமீலா ஒருநாள் கேட்டேவிட்டாள். “அன்னிக்கு அந்தப் பேப்பர்ல கைநாட்டு வச்சிருந்தா இன்னிக்கு நீ எங்கியோ இருந்திருப்ப இல்ல?”

கன்னியம்மா முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். “வச்சிருந்தா பொங்கலுக்கு எனக்கு வரிசை யாரு கொண்டாருவா? புருசனா?” என்றாள்.

வரிசை மட்டும் தப்பவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வருஷா வருஷம் கரும்பு, மஞ்சள் கொத்து, புதுப் புடவை. வருஷா வருஷம் புடவையின் விலை கூடியது. அவள் அதைக் கட்டி ஒரு தரம் குழாயடிக்கு வருவாள். பிறகு அந்தப் புடவையை நாங்கள் பார்த்ததில்லை.

எண்பத்தொன்பதில் சின்னப்பையனுக்குக் கல்யாணம். பெண் ஆவடி, பேர் வரலட்சுமி. பெண்ணின் அப்பா பையன் கறுப்பா சிவப்பா என்று கேட்கவில்லை, ‘பெர்மனென்டா?’ என்று ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார். பத்திரிகையில் அவன் பேருக்குக் கீழே கம்பெனி பேரும் ‘நிரந்தரத் தொழிலாளி’ என்பதும் பட்டம் மாதிரி அச்சாகியிருந்தன. தாலியில் மூன்றாவது முடிச்சை மாப்பிள்ளையின் அக்காளாகக் கன்னியம்மாதான் போட்டாள். இறுக்கமாகப் போட்டாள் என்றும் தளர்வாகப் போட்டாள் என்றும் இரண்டு விதமாகச் சொல்லிக்கொள்கிறோம். வேம்புலி பந்தியில் சாம்பார் ஊற்றினான். அன்றைக்கு வேலைக்குப் போகாததால் ஜெயபாலுக்கு ஒருநாள் கூலி போயிருக்கும்.

பிறகு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். செபாஸ்டியன் முகப்பேரில் ஹவுசிங் போர்டு பிளாட் வாங்கிப் போனார். ஞானசௌந்தரி போகும்போது மிச்ச சோப்புகளை ஆளுக்கொன்று இலவசமாகக் கொடுத்தாள், இந்தத் தடவை கன்னியம்மாவும் வாங்கிக்கொண்டாள். சின்னப்பையனும் வரலட்சுமியும் இரண்டு தெரு தள்ளி மாடி வீட்டுக்குப் போனார்கள். தொண்ணூற்றொன்றில் பக்தவத்சலம் வானகரத்தில் ஒரு புதுக் கம்பெனிக்கு ஆள் எடுத்தார். வாடகை குறைவு என்று வேம்புலியும் குடும்பத்தோடு அங்கே கிளம்பினான். அங்கே என்ன பேர் என்று ஜமீலா கேட்டதற்கு, “போனாத்தான் தெரியும்” என்றான்.

சாமான் ஒரு மூன்று சக்கர மீன்பாடி வண்டிக்குக்கூட நிறையவில்லை. முதல் ஷிப்டு முடிந்து காக்கிச் சட்டையோடு சின்னப்பையன் ஓடிவந்தான். வண்டியைப் பின்னால் இருந்து தள்ளிக்கொண்டே ஸ்டேஷன் பக்கம் ரயில்வே கேட்டு வரைக்கும் போனான். மேட்டில் ஏறும்போது ஒரு பித்தளைக் குடம் உருண்டு விழுந்தது. அதை எடுக்க அவன் திரும்பிய நேரத்தில் வண்டி தண்டவாளம் தாண்டிவிட்டது, கேட்டு இறங்கிவிட்டது. வந்தது கூட்ஸ் வண்டி, லேசில் முடியவில்லை. பெட்டிகளின் இடைவெளியில் கன்னியம்மாவின் முதுகு தெரிந்தது, மறைந்தது, தெரிந்தது என்கிறாள், வழியனுப்பக் கேட்டு வரை கூடப் போன ஜமீலா.

கேட்டைத் தூக்கியபோது அந்தப் பக்கம் வண்டி இல்லை, சைக்கிள்காரர்கள்தான் நின்றார்கள். இந்தப் பக்கம் எல்லோரும் மணியடித்துக்கொண்டு நகர, சின்னப்பையன் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, போகவும் இல்லை, திரும்பவும் இல்லை.